பாரிஸ் மியூசியம் பாஸ்: ஐந்து பேருக்கும் வேண்டுமா?

கேள்வி: மே மாத நடுவில் குடும்பத்தோடு பாரிஸ் போகிறோம். நான், கணவர், 15 வயது மகள், 9 வயது மகன், 70 வயது மாமியார். ஞாயிறு இரவு இறங்கி, வெள்ளி மாலை கிளம்புகிறோம். ஐந்து பேருக்கும் நான்கு நாள் மியூசியம் பாஸ் எடுத்துவிடுங்கள், எல்லா இடமும் அதில் அடங்கும், வரிசையில் நிற்கவே வேண்டாம் என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். எடுக்கலாமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: ஐந்து வேண்டாம் அம்மா. மியூசியம் பாஸ் என்பது ஒரே சீட்டில் பல அருங்காட்சியகங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் நுழைய உதவுவது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் மட்டும் போதும். அதுவும் நான்கு நாள் பாஸ் தேவையில்லை, இரண்டு நாள் பாஸ் போதும்.

முதலில் பிள்ளைகள். லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை, சாந்த் ஷப்பேல் தேவாலயம், ஆர்க் டி ட்ரையம்ஃப் வெற்றி வளைவு எல்லாவற்றிலும் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அனுமதி இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலவசமாக நுழையும் பிள்ளைக்குக் காசு கொடுத்து பாஸ் வாங்கச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இரண்டு பாஸ் விலை என்பது உங்கள் குடும்பத்தின் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு.

அடுத்து மாமியார். ஆர்க் டி ட்ரையம்ஃப் மேலே போக 284 படிகள். சாந்த் ஷப்பேலில் வண்ணக் கண்ணாடி இருக்கும் மேல்தளத்துக்கு ஒடுங்கிய சுருள் படிக்கட்டு. 70 வயதில் முழங்கால் ஒத்துழைக்குமா என்று அவரையே கேளுங்கள். லூவ்ரும் ஓர்சேயும் மட்டும் போதும் என்றால், தனித்தனி டிக்கெட்டே அவருக்கு மலிவு.

இப்போது கிழமை. பாஸ் வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 'இரண்டு நாள்' என்பது முதல் வாசலில் ஸ்கேன் செய்த நேரத்திலிருந்து 48 மணி நேரம், நான்கு நாள் என்றால் 96 மணி நேரம். இடையில் நிறுத்தி வைக்க முடியாது. திங்கட்கிழமை ஓர்சேயும் வெர்சாயும் மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்கும். ஏஜென்ட் சொன்ன நான்கு நாள் பாஸைத் திங்கள் காலை தொடங்கினால், முதல் இரண்டு நாளும் சில பெரிய வாசல்கள் பூட்டியிருக்க, உங்கள் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் திங்களும் செவ்வாயும் காசில்லாத இடங்களைப் பாருங்கள். நோத்ர் தாம் பேராலயம் தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. நுழைவுச் சீட்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மோன்மார்த் குன்றின் மேல் இருக்கும் சாக்ரே கேர் ஆலயமும் இலவசம். புதன் காலை பாஸைத் தொடங்குங்கள். காலையில் சாந்த் ஷப்பேல், மதியத்துக்கு மேல் லூவ்ர். புதன்கிழமை லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு நிதானமாகப் பார்க்கலாம். வியாழன் காலை வெர்சாய், திரும்பி வந்து கொஞ்சம் படுத்து எழுந்து ஓர்சே. வியாழக்கிழமை அங்கே இரவு 9.45 வரை நேரம் இருக்கிறது. நான்கு பெரிய இடங்கள், 48 மணி நேரம், ஓட்டம் இல்லை. 96 மணி நேர பாஸ் இதைப் போல இரண்டு மடங்கு விலை இல்லை, 'இன்னும் கொஞ்சம் போட்டால் இரண்டு நாள் கூடுதல்' என்றுதான் தோன்றும். அந்தக் கூடுதல் நாட்களில் என்னென்ன பார்ப்பீர்கள் என்று பெயரோடு எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் காசு வீண்.

'எல்லாம் அடங்கும்' என்றாரே, ஈஃபிள் கோபுரம் இந்த பாஸில் இல்லை. சேன் நதிப் படகும் மெட்ரோவும் இல்லை. வெர்சாய் அரண்மனை உண்டு, ஆனால் தோட்டத்தில் இசையோடு நீரூற்று ஓடும் நாட்களில் அங்கே நுழையத் தனிக் கட்டணம்.

வரிசை விஷயமும் அவர் சொன்ன மாதிரி இல்லை. பாஸ் இருந்தாலும் லூவ்ர், வெர்சாய், சாந்த் ஷப்பேல் மூன்றுக்கும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். ஆகவே முதலில் அந்த இடங்களின் சொந்தத் தளத்தில் உங்கள் தேதிக்கு நேரம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பாஸ் வாங்குங்கள், வாங்கிய கையோடு பதிவு செய்யுங்கள். லூவ்ருக்குப் பிள்ளைகளின் இலவச அனுமதிக்கும் அதே நேரத்தைப் பிடித்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. சாந்த் ஷப்பேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே கெடுபிடி அதிகம். மாமியார் பையில் பாக்குவெட்டியோ பழம் நறுக்கும் கத்தியோ இருந்தால் அன்று அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: 'பாரிஸ் பாஸ்', 'பாரிஸ் மியூசியம் பாஸ்' இரண்டும் ஒன்றா? இணையத்தில் விலை ஏகத்துக்கும் வித்தியாசமாக இருக்கிறது.
(வாசகர், மதுரை)

பதில்: ஒன்றல்ல. மியூசியம் பாஸ் என்பது அருங்காட்சியகங்களும் நினைவுச் சின்னங்களும் மட்டும் சேர்ந்தது. மற்றது தனியார் நிறுவனம் படகு, பேருந்துச் சுற்றுலா என்று பலதையும் கட்டி விற்பது, விலையும் அதிகம். இன்னும் சில தளங்கள் மியூசியம் பாஸையே கமிஷன் வைத்து விற்கின்றன. அதிகாரப்பூர்வத் தளத்து விலையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு மற்ற தளங்களைப் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் குடும்பம் பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் 20 வருடமாக இருக்கிறது. லூவ்ரில் அவருக்கு 22 யூரோ, எனக்கு 32 யூரோ என்கிறார். அவர் கணக்கிலேயே எனக்கும் எடுத்துத் தரலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அண்ணன் சொன்ன விலை சரிதான். 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனும்) வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு லூவ்ரில் 32 யூரோ. வெர்சாயிலும் சாந்த் ஷப்பேலிலும் இதே போல் இரண்டு விலை வந்திருக்கிறது. குறைந்த விலைச் சீட்டோடு போனால் வாசலில் அடையாள அட்டை கேட்கலாம். 10 யூரோவை மிச்சம் பிடிக்கப் போய், அண்ணன் குடும்பம் உள்ளே போக, நீங்கள் லூவ்ர் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். உங்கள் விலைக்கே எடுங்கள். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் 17, 22 யூரோ விலைகளை வைத்து பாஸ் லாபமா நஷ்டமா என்று கணக்குப் போடாதீர்கள். இன்றைய 32-ஐ வைத்துப் போட்டால், உங்களைப் போல் வெளியிலிருந்து வந்து லூவ்ரோடு வெர்சாயும் பார்க்கிறவர்களுக்கு பாஸ் முன்பைவிட சீக்கிரமே கட்டுப்படியாகலாம். உங்கள் அண்ணனுக்கு அந்தக் கணக்கு வேறு, அவருக்குத் தனி டிக்கெட்டே போதும்.