நிலாவிலும் தோரியம், செவ்வாயிலும் பனி: மேலே பறந்தபடியே எப்படித் தெரிகிறது?

கோள்களிலிருந்து வரும் காமா கதிரையும் (எக்ஸ்-ரேயைப் போன்ற, ஆற்றல் மிகுந்த கதிர்) நியூட்ரானையும் (அணுக்கருவில் உள்ள ஒரு துகள்) விண்கலங்கள் எப்படிப் பிடிக்கின்றன என்று நம்ம மாவட்டத்துக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

குளச்சலிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, மணவாளக்குறிச்சி மணல்ல இருக்கிற தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம் நிலாவிலும் உண்டாமே?

உண்டு தம்பி. தோரியம் சிதைந்துகொண்டே போகும் வழியில் தாலியம்-208 பிறக்கும். அது ஏறக்குறைய 26 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு காமா கதிரை விடும். நம்ம கடற்கரையில் அளந்தாலும் நிலாவுக்கு மேலே அளந்தாலும் அந்த எண் மாறாது. 1971, 1972-இல் அப்பல்லோ 15, 16 கலங்கள் சோடியம் அயோடைடு படிகத்தை வைத்து, தாங்கள் சுற்றிய பாதைக்குக் கீழே மட்டும் இதை அளந்தன. நிலா முழுவதற்குமான வரைபடம் 1998-இல் போன லூனார் புராஸ்பெக்டர் தந்தது. நமக்குத் தெரியும் பக்கத்தில், மேற்கே உள்ள கருத்த சமவெளியில்தான் குவியல். அள்ளி வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த வரைபடத்தில் மிக அதிகமான இடத்திலேயே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு போலத்தான். நம்ம மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு எட்டு, பத்து இருக்கும்.

மணவாளக்குறிச்சி: அப்ப செயற்கைக்கோளிலிருந்து நம்ம கடற்கரையையும் பார்க்கலாமே?

முடியாது. நம் தலைக்கு மேல் உள்ள காற்று பத்து மீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம். அதைத் தாண்டி மண்ணின் காமா கதிர் வெளியே போகாது. விமானமோ ஹெலிகாப்டரோ தாழப் பறந்தால் தெரியும். கனிமம் தேடுபவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். செவ்வாயில் காற்று மெல்லிசு, அதனால் மேலிருந்தே அளந்துவிடலாம். வெள்ளியில் இறங்கித்தான் பார்க்கவேண்டும். 1972-இல் வெனேரா 8 இறங்கி அளந்தது.

மார்த்தாண்டம், ஒரு ஆசிரியை: சார், காமா கதிர் புரிகிறது. நியூட்ரானுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி டீச்சர். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கோளின் மண்ணை மோதி, அணுக்கருக்களிலிருந்து நியூட்ரான்களைத் தெறிக்க விடும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டால் வேகம் பெரிதாகக் குறையாமல் திரும்பும்; காயில் பட்டால் வேகத்தைக் காய்க்குக் கொடுத்துவிடும். நியூட்ரானுக்கு அந்தக் காய் ஹைட்ரஜன், ஏனென்றால் எடை கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே ஹைட்ரஜன் உள்ள இடத்தில் நடுத்தர வேக நியூட்ரான்கள் சட்டென்று குறைந்துவிடும். லூனார் புராஸ்பெக்டரில் நியூட்ரான்களை எண்ண, ஹீலியம்-3 வாயு நிரப்பிய இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றைக் காட்மியத் தகட்டாலும் இன்னொன்றை வெள்ளீயத் தகட்டாலும் மூடியிருந்தார்கள். காட்மியம் மெதுவான நியூட்ரான்களை விழுங்கிவிடும், வெள்ளீயம் விட்டுவிடும். ஆகவே காட்மியக் குழாய் எண்ணுவது நடுத்தர வேகத்தவற்றை; இரண்டு எண்ணிக்கைகளையும் கழித்தால் மெதுவானவை எத்தனை என்று கிடைக்கும். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது. என்ன ஒரு சிக்கனம்!

தக்கலை: அப்ப நிலாவில் தண்ணீரைக் கண்டுபிடித்தது இந்தக் குழாய்தானா?

அது காட்டியது துருவங்களில் ஹைட்ரஜனை. செய்திகளில் நேரே 'தண்ணீர்' என்று போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். 1999-இல் அந்தக் கலத்தையே தென்துருவத்தருகே மோதவிட்டுப் பார்த்தார்கள், நீராவி எதுவும் கண்ணில் படவில்லை. 2009-இல் நாசாவின் எல்கிராஸ் கலம் மோதியபோதுதான் தண்ணீர் உறுதியானது. செவ்வாயில் கதை இன்னும் நேரானது. ஒடிஸி கலம் 2002-இல் துருவங்களை ஒட்டிய மண்ணில் ஏராளமான ஹைட்ரஜனைக் காட்டியது. 2008-இல் ஃபீனிக்ஸ் அங்கே போய்த் தோண்டியது. குழியில் தெரிந்த வெள்ளைக் கட்டிகள் சில நாளில் காணாமல் போயின. உப்பு என்றால் அப்படிப் போகாதே, பனிதான்.

நாகர்கோவில், பிளஸ் டூ மாணவி: அண்ணா, விண்கலமே கதிர் விடாதா?

விடும்மா. காஸ்மிக் கதிர் கலத்தையும்தானே அடிக்கிறது. அதனால்தான் ஒடிஸியில் காமா கருவியை 6 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் வைத்தார்கள். உள்ளே இருப்பது ஜெர்மானியம் படிகம். மைனஸ் 180 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காஸ்மிக் கதிர் பட்டுப் பட்டுப் படிகம் கெடும். அப்போது சூடாக்கி, பழுது ஆறவிட்டு, மறுபடி குளிரவைப்பார்கள்.

இரணியல்: காற்று கனமான இடத்தில் காஸ்மிக் கதிரே தரைக்கு வராதே?

அதற்கும் வழி உண்டு. சனியின் நிலவான டைட்டனுக்கு 2028-இல் கிளம்ப இருக்கும் டிராகன்ஃபிளை, நியூட்ரான் உண்டாக்கும் கருவியைத் தானே கொண்டுபோகிறது. இறங்கிய இடத்தில் மண்ணுக்குள் நியூட்ரானைச் செலுத்தி, அது பட்ட அணுக்கள் விடும் காமா கதிரைப் பார்க்கும்.