கான்வென்ட் ஃபீஸ் கட்டுப்படியாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகன் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் தமிழ்வழியில் எட்டாவது படிக்கிறான். ஒன்பதாவதுக்கு சிஸ்டர்கள் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் சேர்க்க ஆசை. கணவருக்கு மாதம் 28,000 ரூபாய் சம்பளம். சமாளிக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

உங்கள் ஊரில் இருந்துகொண்டு மெட்ரிக் மட்டும்தான் மிஷன் பள்ளி என்று நினைக்கலாமா, அம்மா? ஒரே காம்பவுண்டுக்குள் மெட்ரிக் ஒரு பக்கமும், எய்டட் மேல்நிலைப் பள்ளி மறுபக்கமும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிர்வாகம், அதே கட்டுப்பாடு. எய்டட் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் தமிழ்வழி வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பாடப்புத்தகம், பஸ் பாஸ் இலவசம். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) என்று சிறு தொகை கேட்பார்கள், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் ஆபீஸில் கேட்டுவிடுங்கள்: "இந்த செக்‌ஷன் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" எய்டட் பள்ளிக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவு செல்ஃப் ஃபைனான்ஸாக இருக்கலாம், அங்கே ஃபீஸ் உண்டு.

பையன் இந்த வருடமே என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எழுதட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது அந்த வரம்பை ஒட்டி நிற்பதால் வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் வரும். தமிழ்வழியிலேயே தொடர்ந்தால் கல்லூரியில் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. மெட்ரிக்குக்கு மாறினால் இரண்டும் போய்விடும். என்னைக் கேட்டால் மாற்ற வேண்டாம்.

ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத ஒதுக்கீட்டில் கிறிஸ்தவப் பள்ளியில் ஒன்பதாவது சேர முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

முடியாது. அந்த ஒதுக்கீடு எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புகளுக்குத்தான், எட்டாவதோடு முடிந்துவிடும். அதோடு, 2014-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி சிறுபான்மையினர் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஏஜென்ட் யாராவது சீட் வாங்கித் தருகிறேன் என்றால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கடை வியாபாரம் படுத்துவிட்டது. மகள் பத்தாவது. ஃபீஸ் சலுகை கேட்கலாமா? நாங்கள் இந்துக்கள், பாதிரியாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

தாராளமாகக் கேளுங்கள். இந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மற்ற மதத்தவர்தான்; உங்களைப் போன்றவர்களை அவர்கள் பார்க்காததல்ல.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். ஃபீஸ் கவுன்டரில் நின்று கெஞ்சிப் பயனில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு அதிகாரம் இல்லை. முடிவு தாளாளர் கையில். ஜூன் கூட்டத்தில் போகாமல் ஏப்ரலிலேயே நேரம் கேட்டுப் போங்கள். ஒரே பக்கத்தில் மனு. "கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அவர் என்ன செய்வார்? "மொத்தம் 42,000. ஜூனில் 12,000 கட்டுகிறேன், செப்டம்பரிலிருந்து மாதம் 3,000 கட்டுகிறேன், 6,000 ரூபாய் குறைத்துத் தர வேண்டுகிறேன்" என்று கணக்கு போட்டுக் கொடுங்கள். கடை வாடகை ரசீது, மகளின் மார்க் ஷீட் நகல் கூடவே இருக்கட்டும். ஒப்புக்கொண்டால் மனுவிலேயே கையெழுத்து வாங்குங்கள். தாளாளர்களுக்கு அடிக்கடி மாறுதல் வரும். புதிதாக வருபவருக்கு வாய்வார்த்தை தெரியாது.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் பங்குத்தந்தையின் கடிதம், சி.எஸ்.ஐ.யில் சேகர குருவின் கடிதம் உதவும். கத்தோலிக்கப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையையும் கேட்கலாம்.

பள்ளியில் 'டெவலப்மென்ட்' என்று தனியாக 15,000 கேட்கிறார்கள். ரசீது துண்டுச்சீட்டில். சரியா?
– வாசகர், தாம்பரம்

சரியில்லை. 2009-ம் ஆண்டு சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு மெட்ரிக் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது மூன்று வருடங்களுக்குச் செல்லும். உங்கள் பள்ளிக்கான ஆணையின் நகலைக் கேளுங்கள். அதற்கு மேல் வாங்கியிருந்தால் குழுவிடம் புகார் செய்யலாம், ஆனால் துண்டுச்சீட்டு சாட்சிக்கு நிற்காது. பள்ளிப் பெயர், ரசீது எண், எந்தத் தலைப்பில் வாங்கினார்கள் என்ற விவரம் எல்லாம் வேண்டும்.

வருமான வரிக்கும் அதே ரசீதுதான். பழைய வரி முறையில் 80சி கழிவுக்குள் டியூஷன் ஃபீஸ் மட்டும் வரும். டெவலப்மென்ட், நன்கொடை, வேன் ஃபீஸ் எதுவும் வராது. புதிய முறையில் இருந்தால் இந்தக் கழிவே கிடையாது.

பிளஸ் ஒன் ஃபீஸுக்கு நகையை அடகு வைப்பதா, மகள் பெயரிலுள்ள செல்வமகள் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுப்பதா?
– வாசகி, நாகர்கோவில்

மகள் பத்தாவது பாஸானதும் செல்வமகளில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம் என்பது உண்மைதான். எடுக்காதீர்கள். இரண்டு வருடத்தில் கல்லூரி வாசலில் நிற்கும்போது அந்தப் பணம் வேண்டும். நகையும் அப்படியே, ஃபீஸ் அடுத்த ஜூனிலும் வரும், அப்போது எதை வைப்பீர்கள்? மாத வருமானத்துக்குள் அடங்காத பள்ளி என்றால் அது உங்களுக்கான பள்ளி இல்லை. பிளஸ் ஒன்னில் வெளி டியூஷன் செலவே ஃபீஸை எட்டிவிடும், அதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மெட்ரிக் பிள்ளைகளும் எழுதக்கூடிய ஒன்று இருக்கிறது: பிளஸ் ஒன்னில் நடக்கும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கேள்வி. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருடம். பாதி இடம் அரசுப் பள்ளிகளுக்கு, மீதியில் உங்கள் மகள் போட்டியிடலாம்.

ஃபீஸ் பாக்கி என்று டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தர மறுக்கிறார்கள்.
– வாசகர், விருதுநகர்

டி.சி.யைக் கட்டண வசூல் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி பற்றி எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. எழுத்தில் விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். பாக்கி இருந்தால் அது கடன்தான். தவணை கேட்டுக் கட்டிவிடுங்கள்.