செவன் நேஷன் ஆர்மி: பேஸ் ஒலி குழறினால்

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இருவர் ராக் குழுவின் 'செவன் நேஷன் ஆர்மி' பாடலில் கிட்டாரில் வாசிக்கும் பேஸ் வரி, ஆக்டேவ் பெடலில் (சுரத்தை ஓர் ஆக்டேவ், அதாவது எட்டுச் சுரத் தொலைவு இறக்கும் கால்பெட்டி) குழறுகிறது, டிரம்மர் "இவ்வளவு எளிமையா?" என்று முரண்டு பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒயிட் ஸ்ட்ரைப்ஸில் பேஸ் கலைஞரே இருந்ததில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் ஜாக் ஒயிட் செமி-அகூஸ்டிக் கிட்டாரை டிஜிடெக் வாம்மி என்ற பெடல் வழியாக ஓர் ஆக்டேவ் இறக்கி வாசித்தார்.

உங்கள் ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஆக்டேவ் பெடலுக்கு முன்னால் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். ஆக்டேவ் பெடல் சுத்தமான ஒற்றைச் சுரத்தைத்தான் சரியாகப் பிடிக்கும். அதனால் கிட்டாரிலிருந்து நேராக ஆக்டேவ், அதன் பிறகே ஃபஸ். கழுத்துப் பக்க பிக்கப் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் பகுதி), டோன் குமிழ் பாதியில். 5-ஆம் கம்பியில் மட்டும் 7-7-10-7-5-3-2 ஆகிய ஃப்ரெட்டுகள் (கழுத்திலுள்ள குறுக்குக் கட்டைகள்). மற்ற கம்பிகளைக் கையால் அடக்குங்கள். ஒன்று அதிர்ந்தாலும் சுரம் தடுமாறும்.

ஓபன் ஏ ட்யூனிங்கில் (கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே ஏ மேஜர் கார்டு ஒலிக்கும் சுருதியமைப்பு) வாசிக்க நினைத்தால் 4, 3, 2-ஆம் கம்பிகளை இரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டும், அறுந்துபோகலாம். அதே வகையில் ஜி கார்டு தரும் ஓபன் ஜி வைத்து 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டால் அதே சுரங்கள். ஃப்ரெட் எண்களைக் கேப்போவிலிருந்து எண்ணுங்கள்.

டிரம்மரிடம் சொல்லுங்கள்: தொடக்கத்தில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஃப்ளோர் டாமும் (தரையில் நிற்கும் டிரம்) மட்டும், ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) வேண்டாம். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் டிரம்மர் மெக் ஒயிட்டின் வாசிப்பைக் கத்துக்குட்டித்தனம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. அந்த வெறுமைதான் வரியைத் தாங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பாடல் இடம்பெற்ற 2003-இன் 'எலிஃபன்ட்' சிறந்த ஆல்டர்நேட்டிவ் ஆல்பத்துக்கான கிராமி வென்றது; பெரும்பாலும் லண்டன் டோ ராக் ஸ்டுடியோவில் எட்டே தடங்கள் (ட்ராக்) கொண்ட டேப்பில் பதிவானது. அந்த எளிமைக்கு ஏற்ப நீங்களும் ரெவெர்பை (எதிரொலி விளைவு) குறைத்தே வையுங்கள்.