கொலாஜன் பவுடர் குடித்தும் அம்மாவின் மூட்டு வீக்கம் குறையவில்லையா?

முடக்குவாதத்துக்கு (உடலின் நோயெதிர்ப்பே மூட்டைத் தாக்கும் நோய்) அம்மா சாப்பிடும் மீதோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். அம்மா மூன்று மாதமாகப் பாலில் கலந்து குடிக்கும் கொலாஜன் பவுடரும், நீங்கள் படித்த வாய்வழி நோயெதிர்ப்புச் சகிப்புச் சிகிச்சையும் ஒன்றல்ல. வீக்கம் குறையாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன். அதை உருக்குலையாமல் துளியளவு தினமும் விழுங்கினால், குடலோரத்து நோயெதிர்ப்புச் செல்கள் அதைத் தாக்காமல் இருக்கப் பழகும் என்பதுதான் அந்தச் சிகிச்சையின் யோசனை. 1993இல் பாஸ்டனில் முடக்குவாதம் முற்றிய 60 பேரிடம் சோதித்தபோது கொடுத்த அளவு முதல் மாதம் தினமும் 0.1 மில்லிகிராம், பிறகு 0.5. நீங்கள் சொன்ன பவுடரில் ஒரு கரண்டியே 10 கிராம்!

டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். 'ஹைட்ரோலைஸ்டு' அல்லது 'பெப்டைட்ஸ்' என்றிருந்தால் அது துண்டு துண்டாக உடைத்த கொலாஜன்; அந்தச் சிகிச்சைக்கு வேண்டிய உருக்குலையாத கொலாஜன் அல்ல.

சரி, உடைக்காததை வாங்கலாமா? அவசரப்படாதீர்கள். பாஸ்டனில் வீக்கம் குறைந்தது உண்மை. அப்புறம் வந்த சோதனைகளில் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. பெரும்பாலும் கோழிக் குருத்தெலும்பில் எடுப்பது என்பதால், கோழி ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

மாத்திரையை விட்டால் மூட்டு உள்ளுக்குள் அரிக்கும். கோணிய விரல் பழையபடி நிமிராது. இப்போதும் வீக்கம் இருப்பதால் மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று வாதநோய் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.