சட்டன் குடும்பப்பெயர்: எந்த ஊரில் தேடுவது?

கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் வந்த உங்கள் மூதாதையர் பெயர் சட்டன் (Sutton). அதனால் லண்டனுக்குத் தெற்கே உள்ள சட்டனில் பூர்வீகத்தைத் தேடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். இங்கிலாந்தில் சட்டன் என்ற ஊர்கள் ஏராளம். பழைய ஆங்கிலத்தில் அது 'தெற்குக் குடியிருப்பு'. ஒரு பெரிய ஊருக்குத் தெற்கே இருந்த குடியிருப்பு எதுவும் அந்தப் பெயரைப் பெறலாம். 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பிலேயே பல சட்டன்கள் உண்டு.

இன்னொன்று, ஊரில் எல்லோருமே சட்டன்காரர்கள் என்றால் அந்தப் பெயரால் ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. வெளியூரில் போய்க் குடியேறியவரைத்தான் பெரும்பாலும் 'சட்டனிலிருந்து வந்தவர்' என்றார்கள். ஆகவே ஒன்றுக்கொன்று உறவே இல்லாத சட்டன் குடும்பங்கள் பல உண்டு.

உங்களிடம் நல்ல துப்பு இருக்கிறது. கம்பெனி சிப்பாய்களின் கப்பலேற்றப் பட்டியல்களில் பிறந்த ஊரும் பெரும்பாலும் இருக்கும். அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. இந்தப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கியவை, எல்லா ஊரிலும் முழுசாக மிஞ்சவில்லை. ஊர் தெரிந்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.