அக்காவிடம் கேளுங்கள்: கதை சொல்லப் பழகப் போகலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். ஒரு சமூகக் கலை அமைப்பு டிஜிட்டல் கதைசொல்லலில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இளம் பிள்ளைகளைச் சேர்க்கிறது. என்னிடம் கமரா இல்லை, பழைய போன்தான். ஆங்கிலமும் சுமார். போகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

போகலாம், தங்கச்சி. பழைய போன் போதும். ஆங்கிலத்தைப் பற்றியும் யோசிக்காதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வீட்டு வாசலில் இருந்து ஒரு பாட்டியோடு தமிழில் ஆறுதலாகக் கதைக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் இந்த வேலைக்குத் தேவை.

டிஜிட்டல் கதைசொல்லல் என்றதும் பலர் ட்ரோனையும் பெரிய லைட்டையும் நினைக்கிறார்கள். இது தொடங்கிய விதம் வேறு. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், நாடகத்திலிருந்து வந்த ஜோ லாம்பர்ட், வீடியோக் கலைஞர் டேனா அட்ச்லி போன்றவர்கள் சாதாரண மக்களுக்காகப் பட்டறை நடத்த ஆரம்பித்தார்கள். வீட்டு அல்பத்தில் இருக்கும் படங்கள், சொல்பவரின் சொந்தக் குரல், இரண்டு மூன்று நிமிடம். அவ்வளவுதான். 2001இல் பிபிசி வேல்ஸ் இதே முறையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதை முன்னின்று நடத்திய புகைப்படக்காரர் டானியல் மெடோஸ் வைத்த அளவு ஏறக்குறைய 250 சொற்கள், ஒரு பன்னிரண்டு படங்கள். எழுதிப் பாருங்கள், 250 சொல் எவ்வளவு குறைவு என்று தெரியும். எதை விடுவது என்று பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பட்டறையில், கணினியைத் திறப்பதற்கு முன் எல்லாரும் வட்டமாக இருந்து கதையை வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் இடையில் புகாமல் கேட்க வேண்டும். இவ்வளவு காலம் இந்தப் பட்டறைகளில் இருந்தும் எனக்கு இந்த நேரத்தில்தான் மனம் நிறைகிறது. "என்னிடம் கதை ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளை, செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் தேர் புறப்பட்டதை அப்பாவின் தோளில் இருந்து பார்த்ததைச் சொல்லத் தொடங்கும். பிறகு அப்பா இப்போது எங்கே என்று வரும். அங்கேதான் கதை இருக்கும்.

சேருவதற்கு முன் ஒன்றை நேராகவே கேளுங்கள்: "ஆறு மாதம் முடியும்போது என் பெயரில் ஒரு கதையாவது முடிந்திருக்குமா?" ஏன் சொல்கிறேன் என்றால், சில இடங்களில் இந்தப் பெயரில் பிள்ளைகளை எடுத்து, ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போஸ்டர் செய்யவும் விழாவில் விருந்தினரைப் படம் எடுக்கவும் விட்டுவிடுகிறார்கள். அந்த வேலையில் குறை இல்லை, ஆனால் நீங்கள் பழகப் போவது அதையல்ல. யார் சொல்லித்தருவார், கிழமைக்கு எத்தனை நாள், பஸ் காசும் மதியச் சாப்பாடும் உண்டா என்பதையும் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்குங்கள்.

அந்தக் கடிதத்தில் கதை யாருக்குச் சொந்தம் என்றும் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் வேலையின் பகுதியாக ஆக்கியதன் பொருளாதார உரிமை (அதை வெளியிடவும் விற்கவும் உள்ள உரிமை), ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். தன் பெயர் போடப்பட வேண்டும் என்ற உரிமை ஆக்கியவரிடமே இருக்கும். பயிலுனர் ஊழியரா இல்லையா என்று பிறகு வாதாடுவதைவிட, இரண்டு வரி முதலிலேயே எழுதி வாங்குவது நல்லது.

கேள்வி: மகன் கணக்கியல் படிக்கப் போகிறான். அதற்கிடையில் ஒரு கலை அமைப்பில் கதை, வீடியோ என்று அலைகிறான். சம்பளம் இல்லை. இதனால் என்ன பிரயோசனம்?
– ஒரு தகப்பன், வெள்ளவத்தை

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. முழுநேரமாக, ஒரு சதமும் தராமல், மாதக்கணக்கில் வேலை வாங்குகிறார்கள் என்றால் அது பயிற்சி இல்லை. அப்படியானால் நிறுத்துங்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் போகக்கூடிய இடமாகச் சமூகக் கலை ஆகிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள், செலவுக்கு ஒரு கொடுப்பனவு, சொல்லித்தர ஒரு ஆள் என்று இருந்தால் விடுங்கள். அங்கே பழகும் ஒலிப்பதிவு, வெட்டித் தொகுத்தல், மூன்று மொழியில் சப்டைட்டில் எல்லாம் தொலைக்காட்சியிலும் விளம்பர நிறுவனத்திலும் கேட்கும் வேலைகள். ஆவணப்படுத்தலுக்கும் ஆள் தேவைதான். இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் சேமிக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று புத்தகங்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. கணக்காளராக வந்தாலும், முன்னால் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்கப் பழகியவன் நல்ல கணக்காளனாக வருவான்.

கேள்வி: நான் ஒரு அமைப்பில் பயிலுனர். கொம்பனித்தெருவில் வீடு உடைக்கப்பட்டு, தொடர்மாடிக்கு மாற்றப்பட்ட ஒரு அம்மம்மாவின் கதையைப் பதிவு செய்தேன். அழுது அழுது சொன்னார். அடுத்த நாள், "தம்பி, அதைப் போடாதே" என்கிறார். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, போடலாம் என்கிறார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், மட்டக்குளி

போடாதீர்கள், தம்பி. கையெழுத்தைக் காட்டி அவரை மடக்கலாம். ஆனால் அது அவருடைய வாழ்க்கை. அவர் இன்னும் அந்தத் தொடர்மாடியில்தான் இருக்க வேண்டும், லிஃப்ட் பழுதென்றால் அதே அதிகாரிகளிடம்தான் போக வேண்டும். நீங்கள் ஆறு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

படிவம் எந்த மொழியில் இருந்தது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அவர் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று யாருக்குத் தெரியும்? தமிழில் வாசித்துக் காட்டி, "இது இணையத்தில் வரும், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் பார்ப்பார்" என்று சொல்லியிருக்க வேண்டும். அழுதுகொண்டு சொல்லும் வேளையில் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுப்பதில்லை. ஒரு கிழமை கழித்து மறுபடி கேட்க வேண்டும். வெட்டி முடித்த வீடியோவை முதலில் பார்ப்பவர் அவராக இருக்க வேண்டும், ஒருங்கிணைப்பாளர் அல்ல.

இப்போது அவரிடம் திரும்பிப் போங்கள், கமரா இல்லாமல். எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். முகமா, பெயரா, மகனைப் பற்றிச் சொன்ன ஒரு வரியா? சில வேளை அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரி என்பார். முகம் வேண்டாம் என்றால் குரலும், பழைய வீட்டுச் சாவியைப் பிடித்த கையும் போதும். ஒன்றுமே வேண்டாம் என்றால் பதிவைப் பென் டிரைவில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

'ஹெர்ஸ்டோரிஸ்' திட்டத்தைத் தேடிப் பாருங்கள். போருக்குப் பிறகு நாட்டின் பல பக்கத்து அம்மாக்கள் தங்கள் வாழ்க்கையைக் கடிதமாக எழுதியும் வரைந்தும் கொடுத்தார்கள். அவை தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. கமராவுக்கு முன் அழ வைக்காமலும் கதை வாங்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம். கொம்பனித்தெருவிலேயே ஓவியர் ஃபிரி ரஹ்மானும் நண்பர்களும் 'வி ஆர் ஃப்ரம் ஹியர்' (நாங்கள் இந்த இடத்தவர்கள்) என்ற திட்டத்தில் தங்கள் அயலவர்களைப் பதிவு செய்தார்கள். படம் எடுத்தவரை அடுத்த நாள் காலை அதே தெருவில் பார்க்க வேண்டியிருந்தால், எதைப் போடுவது என்ற யோசனை தானாக வரும்.

ஒருங்கிணைப்பாளர் கேட்கவில்லை என்றால் இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீடு காலி வீதிப் பக்கம். குரல் பதிந்தால் பஸ் சத்தம், ரயில் சத்தம். தமிழ் சப்டைட்டிலும் உடைந்து வருகிறது.
– வாசகன், பம்பலப்பிட்டி

விடியற்காலையில் பதியுங்கள். ஃபேனை நிறுத்தி, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதன் முன்னால் இருங்கள், எதிரொலி குறையும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டாகப் பிடியுங்கள். முடிந்ததும் ஒன்றும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதியுங்கள். வெட்டிய இடங்களை மூட அது உதவும். ரயில் சத்தம் முழுதாகப் போகாவிட்டால் விடுங்கள், உங்கள் வீட்டுக் கதையில் அது இருப்பது சரிதான்.

எழுத்து உடைவதற்குக் காரணம் அநேகமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், எடிட்டிங் மென்பொருளின் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துத் தெரிவை இயக்க வேண்டும்.