டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா, பேட் மட்டும் போதுமா?

கேள்வி: என் கார் 60,000 கி.மீ. ஓடிவிட்டது. பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். வேகமாகப் போகும்போது பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பேட், டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். நண்பரோ செராமிக் பேடும் துளை போட்ட டிஸ்க்கும் வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போகுமுன் அளந்து பார்க்க வேண்டும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பது பேட். அதில் மீதமுள்ள உராய்வுப் பொருள் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். பல பேடுகளில் அந்தக் கட்டத்தில் டிஸ்க்கை உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு சின்னத் தகடு இருக்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தமாக இருக்கலாம்.

டிஸ்க்கின் விதி வேறு. அதன் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். இப்போதுள்ள தடிமனை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். வெர்னியரைச் சும்மா ஓரத்தில் வைத்தால் தேயாத விளிம்பையும் சேர்த்து அளந்துவிடும். செத்த டிஸ்க்கும் நல்லதாகத் தெரியும். குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ யோசிக்காமல் மாற்றுங்கள்.

நடுக்கத்துக்கு “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்று காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சுற்றளவில் தடிமன் சீராக இல்லாமல் போகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிந்துவிடும். இதற்கான மூலகாரணம் பல வண்டிகளில் ஹப்பில், அதாவது டிஸ்க்கை மாட்டும் சக்கர மையத்தில்தான் இருக்கிறது. ஹப்பின் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை மாட்டினால் அது இம்மியளவு சாய்ந்து சுழலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கழித்துத்தான் நடுக்கம் தலைகாட்டும். பழி புது டிஸ்க்கின் மேல் விழும்! ஆகவே விலை உயர்ந்த டிஸ்க்கைவிட, கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்க்கும் ஐந்து நிமிடத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

துளை போட்ட டிஸ்க் அன்றாட ஓட்டத்துக்குத் தேவையில்லை. கடுமையாகச் சூடேறும்போது விரிசல் அந்தத் துளைகளிலிருந்துதான் கிளம்பும். கம்பெனி கொடுத்த அதே அளவுள்ள சாதா டிஸ்க் போதும்.

செராமிக் பேடில் சத்தமும் கரித்தூளும் குறைவு, உண்மைதான். அதற்காக வண்டி சீக்கிரம் நின்றுவிடாது. உலோகம் கலந்த செமி-மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும். கொஞ்சம் சத்தம் போடும், சக்கரத்தைக் கரியாக்கும். மலைப்பாதையிலோ பாரத்தோடோ அதிகம் ஓட்டினால் அது நல்லது. இல்லையென்றால் வண்டியில் முதலில் வந்த வகையையே வாங்குங்கள். பேடின் முதுகில் ஆங்கிலத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருந்தால், முதலாவது சாதாரண நிலையிலும் இரண்டாவது சூட்டிலும் உள்ள உராய்வைக் காட்டும். இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசையில் முதலாவதற்கு முந்தியதாக இருந்தால் சூட்டில் பிடி தளரும் என்று அர்த்தம். மாற்றுப் பிரேக் பாகங்களுக்கான ஐரோப்பிய ஆர்90 தர முத்திரை இருந்தால் நல்ல அடையாளம்.

எதை மாற்றினாலும் இடது, வலது சேர்த்தே மாற்றுங்கள். புது டிஸ்க்கில் பழைய பேடைப் போடாதீர்கள். பேடுகளை அழுத்தும் காலிப்பரின் ஊசிகள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிக்கிக்கொண்டால் ஒரு பேட் மட்டும் தேயும்.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள், முதல் மிதிகளில் அது தரைவரை போகும். பிறகு புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகக் காலிச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, எட்டுப் பத்துத் தடவை, இடைவெளி விட்டு நிதானமாகக் குறையுங்கள். பேட் பெட்டியில் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை மிதித்தபடியே இருக்க வேண்டாம். அந்த இடத்தில் பேடின் பொருள் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும், நடுக்கம் மறுபடி வந்து நிற்கும்.